செடித் தொட்டிக்கு மீனில்லாச் சைக்கிளிங்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மீன் விடுவதற்கு முன் தொட்டியைச் சைக்கிள் செய்ய வேண்டும், அதாவது மீனுக்கு நச்சான அம்மோனியாவைக் கையாளும் நுண்ணுயிர்களைத் தொட்டியில் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பது இன்று எல்லாரும் ஒத்துக்கொள்ளும் விஷயம். ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் முறை சரளையும் பில்டரும் மட்டும் இருக்கும் வெறும் தொட்டிக்கானது. செடி அடர்ந்த நன்னீர்த் தொட்டியில் அதை அப்படியே செய்தால் தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் காட்டும் எண்கள் குழப்பத்தில்தான் கொண்டுபோய் விடும். மீன் இல்லாமலே சைக்கிள் செய்த ஒரு செடித் தொட்டியைச் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். அந்தக் காத்திருப்பில் எதெல்லாம் பலன் தந்தது, எதெல்லாம் தேவையே இல்லை என்பதை இப்போது கொஞ்சம் தெளிவாகச் சொல்ல முடியும்.

அடிப்படை தெரிந்ததுதான். மீன் கழிவு, மிஞ்சிய தீவனம், அழுகும் இலை எல்லாமே அம்மோனியாவைத் தரும். அதை ஒரு கூட்ட நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபேக்டர் என்றுதான் ரொம்ப காலம் நம்பினார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அது நைட்ரோஸ்பைரா என்று 1998இல் டிமோத்தி ஹோவனெக் குழு காட்டியது. அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளும் உண்டு என்று 2015இல் தெரியவந்தது. இவை எல்லாமே மெதுவாகப் பெருகுபவை. சாதாரண பாக்டீரியா அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும் இடத்தில், இவற்றுக்குப் பல மணி நேரமோ ஒரு நாளுக்கு மேலோ ஆகும். சைக்கிளிங்குக்கு வாரக்கணக்கில் ஆவதற்கு இதுதான் காரணம், இதில் குறுக்கு வழி குறைவு.

செடித் தொட்டியில் கதை மாறுவது இங்கேதான். செடிகளுக்கும் அம்மோனியா தேவை. பெரும்பாலான நீர்ச்செடிகள் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே (தண்ணீரில் அம்மோனியா எடுக்கும் தீங்கு குறைந்த வடிவம்) முதலில் எடுத்துக்கொள்ளும். ஹார்ன்வோர்ட், ஹைக்ரோஃபிலா, மிதக்கும் சால்வினியா மாதிரி வேகமாக வளரும் செடிகள் நிறைய இருந்தால், பில்டரில் நுண்ணுயிர் பெருகும் முன்பே அவை அம்மோனியாவை உறிஞ்சிவிடும். நைட்ரைட் கண்ணிலேயே படாமல் போகலாம். அதைப் பார்த்துச் சைக்கிள் இன்னும் தொடங்கவே இல்லை என்று பதறுபவர்கள் உண்டு, அம்மோனியா பூஜ்யம் காட்டுகிறதே, முடிந்துவிட்டது என்று மீன் வாங்கப் போகிறவர்களும் உண்டு. பூஜ்யம் என்ற எண் மட்டும் அந்த வேலையைச் செய்தது செடியா பில்டரா என்று சொல்லாது. இரண்டும் தயாரான பிறகுதான் மீன் விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சில வருடம் ஓட்டிய பிறகு அது இன்னும் உறுதியாகியிருக்கிறது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மீன் இல்லாததால் நுண்ணுயிர்களுக்கு உணவான அம்மோனியாவை வேறு வழியில் கொடுக்க வேண்டும். என் தொட்டியில் போட்டது அக்வாசாயில், அதாவது செடிகளுக்கான சத்து மண். புதிதாகப் போட்ட அக்வாசாயில் பல முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவைத் தானாகவே கசியவிடும், அந்தக் காலத்தில் வெளியிலிருந்து எதுவும் ஊற்றத் தேவையில்லை. கசிவு அடங்கிய பிறகு அம்மோனியம் குளோரைடு கரைசலைப் பயன்படுத்தினேன். வெறும் தொட்டிக்கு 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரை போடச் சொல்வார்கள். செடித் தொட்டிக்கு 1 பிபிஎம் போதும் என்பேன். 4, 5 பிபிஎம் என்று ஏற்றினால் நைட்ரைட்டைக் கையாளும் நுண்ணுயிர்களே தடைபடலாம், மென்மையான செடிகளும் வாடலாம், செடியோடு வந்த நத்தைகளும் சாகலாம்.

அம்மோனியா போட்டு அது எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும் சோதனையை இரவில் விளக்கு அணைந்ததும் தொடங்குவது என் வழக்கம். இருட்டில் செடிகள் உறிஞ்சுவது குறைவதால், காலையில் விளக்கு எரிவதற்கு முன் பார்க்கும் எண் பில்டரின் உழைப்பைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். நைட்ரேட்டையும் கூடவே பார்க்க வேண்டும். 1 மில்லிகிராம் அம்மோனியா முழுவதும் நுண்ணுயிர் வழியாகப் போனால் சுமார் 2.7 மில்லிகிராம் நைட்ரைட், பிறகு சுமார் 3.6 மில்லிகிராம் நைட்ரேட் ஆகும். நைட்ரேட் அதைவிட நன்றாகக் குறைவாக ஏறினால் மீதியைச் செடிகள் எடுத்திருக்கின்றன என்று ஊகிக்கலாம். வீட்டு டெஸ்ட் கிட்டில் சரிக்குச் சரி கணக்கு வராது, ஆனால் போக்கு தெரியும். தண்ணீரில் நைட்ரைட் மிஞ்சியிருக்கும்போது நைட்ரேட் எண்ணை நம்ப வேண்டாம், அந்தச் சோதனை நைட்ரைட்டையும் சேர்த்துக் காட்டிவிடும். இரண்டு புட்டி கொண்ட திரவக் கிட் என்றால், இரண்டாவது புட்டியை ஓங்கிக் குலுக்காமல் சொட்டு விட்டால் நைட்ரேட் குறைவாகவே காட்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது கேஎச், அதாவது பிஎச் சரியாமல் தாங்கும் கார்பனேட் காரத்தன்மை. அம்மோனியாவில் உள்ள நைட்ரஜன் 1 மில்லிகிராம் அளவுக்கு நைட்ரேட்டாக மாறும்போது, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7 மில்லிகிராமுக்கு மேல் காரத்தன்மை செலவாகும். அக்வாசாயிலும் தன் பங்குக்கு கேஎச்சை இழுத்துக்கொள்ளும். பிஎச் 6ஐ நெருங்கினால் நுண்ணுயிர்களின் வேகம் ரொம்பவே தளர்ந்துவிடும், சைக்கிள் நின்றுபோன மாதிரி இருக்கும். அந்தப் பிஎச்சில் அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியமாக இருப்பதால் ஆபத்து வெளியே தெரியாது. 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் நச்சு அம்மோனியா, பிஎச் 8இல் அது சுமார் 5 சதவீதம். அதனால் அம்மோனியம் தேங்கிய தொட்டியில் மீனும் இருந்து, திடீரென்று பிஎச் கூடிய தண்ணீரை நிறைய மாற்றினால் அதுவே மீன்களைக் கொல்லலாம். மீன் இல்லாதபோது அந்தக் கவலை இல்லை, தாராளமாகத் தண்ணீர் மாற்றலாம். நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதப்பது சொற்பம். அவை ஸ்பாஞ்சிலும் மண்ணிலும் இலைப் பரப்பிலும் ஒட்டியிருப்பவை. குளோரின் நீக்கி போட்டால் போதும்.

மீனில்லாத இந்த வாரங்கள் செடிகளுக்குக் கிடைக்கும் பொற்காலம் என்றே சொல்வேன். கார்பன் டை ஆக்சைடு கொடுப்பவர்கள் மீனுக்கு மூச்சு முட்டுமோ என்ற பயமில்லாமல் கொஞ்சம் கூட்டியே கொடுக்கலாம். நர்சரியில் தண்ணீருக்கு வெளியே வளர்ந்த இலைகள் உதிரும், கிரிப்டோகோரைன் மொத்தமாகக் கரைந்துபோனாலும் வேரைப் பிடுங்காமல் விட்டால் திரும்ப வரும். அழுகும் இலைகளை மட்டும் உடனே எடுத்துவிட வேண்டும், அவையே அம்மோனியாதான். தண்ணீருக்குள்ளேயே துளிர்த்த புது இலைகள் எல்லாச் செடியிலும் தெரிந்த பிறகுதான் டெஸ்ட் கிட் சொல்வதை நான் முடிவாக எடுத்துக்கொண்டேன். கண்ணாடியில் பழுப்பு டயாட்டம் பாசி படிவது, மரக்கட்டையில் வெள்ளையாக வழவழப்பு வருவது எல்லாம் வரும், போகும். விளக்கை ஆறு மணி நேரத்துக்கு மேல் எரிக்காதீர்கள். அம்மோனியாவும் பலமான வெளிச்சமும் சேர்ந்தால் பச்சைப்பாசி பிடித்துக்கொள்ளும்.

புட்டியில் விற்கும் பாக்டீரியா பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்ச் கிடைத்தால் அதுதான் மேல்.

மீன்களை முதலில் ஒரு சிறு கூட்டமாக விட்டு, பிறகு சில வாரம் இடைவெளி விட்டு அடுத்தவற்றைச் சேர்த்தேன். இறாலும், பாசி மேயும் சிறு மீனான ஓட்டோசிங்க்ளஸும் கடைசியில் வந்தன. அவற்றுக்கு மேய்வதற்குப் பாசியும் படலமும் முதிர்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு இத்தனை காலத்தில் நைட்ரைட் எட்டிப் பார்த்ததே இல்லை.

பில்டரும் செடியும் இரண்டுமே தயாராக வேண்டும் என்று சொன்னதற்கான காரணம், முதல் பெரிய கத்தரிப்பில் தெரிந்தது. வேகமாக வளரும் செடிகளில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்தால், அதுவரை அவை உறிஞ்சிவந்த அம்மோனியா முழுவதும் ஒரே நாளில் பில்டரின் தலையில் விழும். செடிகளை மட்டும் நம்பிச் சைக்கிள் முடிந்தது என்று மீன் விட்ட தொட்டிகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். என் தொட்டியில் அன்றும் மறுநாளும் எண்கள் அசையவில்லை. ஆனாலும் பெரிய கத்தரிப்புக்குப் பிறகு சில நாள் தீவனத்தைக் குறைத்துவிடுவது பழக்கமாகிவிட்டது. ரூட் டேப் (வேருக்கு அருகே புதைக்கும் உர வில்லை) புதைத்த இடத்தில் செடியைப் பிடுங்கும்போதும் அதே கவனம் வேண்டும், சில டேப்களில் அம்மோனியம் இருக்கும், மண் கலைந்தால் தண்ணீருக்கு வந்துவிடும்.

பில்டரைக் கழுவுவது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டும், அதுவும் ஒரு தடவைக்கு உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் போன்ற மீடியாவில் பாதியைத்தான். ஒரு ஸ்பாஞ்ச் எப்போதும் கூடுதலாகவே உள்ளே இருக்கிறது. யாராவது புதுத் தொட்டி அமைக்கிறேன் என்றால் அதைத் தொட்டித் தண்ணீரோடு பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் புது ஸ்பாஞ்சை வைத்துவிடுகிறேன்.