‘தர்ம ஏலத்தில் ஜெர்மன் வயலின்’: பணம் அனுப்புமுன் படியுங்கள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் பாடகர் குழுவில் வயலின் வாசிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். வயலின் வாங்கித் தருகிறேன் என்று என் மாணவி வீட்டை ஏமாற்றிய ஒரு ஆள், கீழக்கரை, தேவிபட்டினம் வரைக்கும் வாட்ஸ்அப்பில் வயலின் படங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

என்னிடம் வயலின் படிக்கும் பெண் ஒருத்தி முக்கால் அளவு வயலினைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். கை நீண்டுவிட்டது, முழு அளவு வாங்கியே ஆகவேண்டும். அவள் அப்பா விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த வீட்டில் காசு எப்படிச் சேரும் என்று இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிச் சேர்த்த பணத்தைத்தான் அந்த ஆள் வாங்கிக்கொண்டார்.

அவர் சென்னையில் இருக்கும் இடைத்தரகர். அமெரிக்காவில் சில அறநிறுவனங்கள் பழைய பொருள்களைத் தானமாகப் பெற்று, இணையத்தில் ஏலம் விட்டு, வரும் பணத்தை ஏழைகளின் வேலைப்பயிற்சி போன்றவற்றுக்குச் செலவிடுகின்றன. பாட்டி, தாத்தா போன பிறகு வீட்டைக் காலி செய்யும்போது பரணில் கிடந்த வயலினும் அங்கே போய்ச் சேரும். பல ஏலங்களில் வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்புவதில்லை. அங்கே ஒரு முகவரி வைத்துக்கொண்டு, ஏலம் எடுத்து, நம் ஊருக்கு அனுப்பித் தருகிறேன் என்று இவரைப் போன்றவர்கள் நுழைவது இந்த இடைவெளியில்தான்.

“மாஸ்டர், தர்மத்துக்குன்னு விக்கிறாங்களாம். அதுல போயி ஏமாத்துவாங்களா?” என்று அந்தத் தகப்பன் என்னிடம் கேட்டார். அந்த நம்பிக்கையைத்தான் தரகர் முதலாக்குகிறார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இங்கே மாடு தானமாக வந்தது அந்த நிறுவனத்துக்கு. நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். பல்லையும் பார்க்கலாம், வாலையும் தூக்கிப் பார்க்கலாம்.

தரகர் அனுப்பிய படங்களில் முன்பலகை, தலைச்சுருள், உள்ளே ஒட்டிய லேபிள், பெட்டி எல்லாம் இருந்தன. பின்பலகை இல்லை. “பின்பக்கம் முழுசா வேணும், பக்கவாட்டில் வெளிச்சம் விழுற மாதிரி” என்று நானே கேட்டேன். “அவங்க போட்டதே இவ்வளவுதான் அண்ணே. ஏலம் இன்னைக்கு ராத்திரி முடியுது. சின்ன விரிசல், ஒட்டிக்கலாம்” என்று பதில் வந்தது. ஏலத்தின் இணைப்பைக் கேட்டதற்கு, உறுப்பினர்களுக்கு மட்டும்தான் திறக்கும் என்றார். இரண்டுமே பொய் என்று பின்னால் தெரிந்தது.

ஏலத்தொகை, அனுப்பும் செலவு, அவர் கூலி என்று 27,000 ரூபாய். பிறகு சுங்கவரி என்று இன்னும் 9,000.

பெட்டியைத் திறந்தபோது தந்திகள் முழு இறுக்கத்தில் இருந்தன. தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டை, குதிரை என்போம், அது சாய்ந்து முன்பலகையைக் கீறியிருந்தது. தூக்கினால் உள்ளே ஒரு குச்சி உருளும் சத்தம். தந்தியைத் தளர்த்தி, குதிரையைக் கழற்றித் துணியில் சுற்றி, விரல் வைத்து வாசிக்கும் ஃபிங்கர்போர்டுக்கும் தந்திக்கும் நடுவில் மெத்தென்று ஏதாவது வைத்து அனுப்புவதுதான் முறை. அங்கே ஏலம் எடுத்துத் தன் முகவரிக்கு வரவழைத்து மறுபடி பொட்டலம் கட்டியவர் தரகரின் ஆள். அதைக்கூடச் செய்யவில்லை.

திருப்பிப் பார்த்தால் பின்பலகையில் நீளவாட்டில் விரிசல். எந்த இடத்தில் என்பதுதான் முக்கியம், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். வயலினுக்குள் குதிரையின் வலது காலுக்குச் சற்றுப் பின்னால் ஒரு சின்ன ஸ்ப்ரூஸ் மரக் குச்சி நிற்கும். சவுண்ட் போஸ்ட் என்பார்கள். பசை கிடையாது, முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் இறுக்கத்தால் மட்டுமே நிற்கும். நான்கு தந்திகளின் இழுவிசை சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் வரும். அதில் ஒரு பங்கு குதிரை வழியாக இறங்கி, அந்தக் குச்சி மூலம் பின்பலகையின் ஒரே இடத்தில் அழுத்தும். அந்த இடத்தில் விரிசல் விழுந்தால் மேலே பசை தடவி ஒட்டுவது பலிக்காது. சுருதி கூட்டிய சில நாளில் மறுபடி பிளக்கும். வயலினைத் திறந்து, உள்பக்கத்தில் மரத்தைக் குழிவாகச் செதுக்கி எடுத்து, புது மேப்பிள் மரத்துண்டைப் பொருத்த வேண்டும். நல்ல கைவினைஞர் செய்த கருவிக்கே இந்த விரிசலால் விலை பாதிக்குமேல் விழுந்துவிடும். தொழிற்சாலை வயலினுக்கு இந்த வேலையைச் செய்தால் கூலி கருவியின் விலையைத் தாண்டும்.

இதில் இன்னொரு கொடுமையும் இருந்தது. முன்பு யாரோ அந்த விரிசலில் எபாக்சி என்ற ரசாயனப் பசையை ஊற்றியிருந்தார்கள். வயலின் செய்பவர்கள் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசையைத்தான் பயன்படுத்துவார்கள். ஈரமும் சூடும் பட்டால் அது இளகும், மரத்துக்குச் சேதம் இல்லாமல் பிரித்து வேலை பார்க்கலாம். எபாக்சி அப்படி விடாது, பிரித்தால் மரம் சேர்ந்து பிய்யும். மதுரையில் பழுதுபார்க்கும் பெரியவர் பல் மருத்துவர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இதுல காசைப் போடாதீங்க. புள்ளைக்குப் புதுசே வாங்கிக் குடுங்க.”

லேபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘அன்டோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ், கிரெமோனா, 1721’ என்று லத்தீனில் இருந்தது, கீழே பொடி எழுத்தில் ஜெர்மனி. ஸ்ட்ராடிவாரி இத்தாலியின் கிரெமோனாவில் வயலின் செய்த புகழ்பெற்றவர், 1737இல் இறந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஷன், பொஹீமியாவின் ஷோன்பாக், பிரான்சின் மீர்கூர் ஆகிய ஊர்களில் குடிசைத் தொழிலாகவும் தொழிற்சாலையிலும் ஏராளமான வயலின்கள் செய்து, அவர் வயலினின் மாதிரியில் செய்தது என்று குறிக்க அந்தப் பெயரை ஒட்டினார்கள். 1891 முதல் அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்ததால்தான் ஜெர்மனி என்ற சொல் லேபிளில் ஏறியது. அந்த வயலின்களில் நல்லவையும் உண்டு, வாசித்திருக்கிறேன். ஆனால் லேபிளின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி விலை சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

உண்மை வெளியே வந்தது என் பழைய மாணவன் ஒருவனால். அமெரிக்காவில் இருக்கிறான். முடிந்த ஏலத்தின் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்தான். உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் அது திறந்தது. பின்பலகையின் படம் அதில் தெளிவாக இருக்கிறது, விரிசலுக்கு நேராக யாரோ விரல் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். விவரத்தில், பின்பக்கம் விரிசல், உள்ளே ஏதோ கழன்று உருள்கிறது, இருப்பது இருந்தபடி விற்பனை, திருப்பி எடுக்க மாட்டோம் என்று எழுதியிருக்கிறது. முடிந்த விலை 71 டாலர். எங்களிடம் ஏலத்தொகை என்று கணக்குக் காட்டியது 190 டாலர். அந்த நிறுவனம் தனக்குத் தெரிந்ததை மறைக்கவில்லை. மறைத்தது நடுவில் நின்றவர்.

எல்லா ஏலத்திலும் இப்படி விரல் வைத்துக் காட்ட ஆள் இருக்காது. அங்கே படம் எடுப்பவர் காலையில் குக்கரையும் மதியம் வயலினையும் எடுப்பவர், வயலின் தெரிந்தவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விவரத்தில் குறை எழுதவில்லை என்பதால் குறை இல்லை என்று ஆகாது. கழுத்து உடலோடு சேரும் இடம், தந்தியை முறுக்கும் பிரடைகள் இருக்கும் பெட்டியின் பக்கச் சுவர்கள், குதிரைக்குக் கீழே முன்பலகை அமுங்கியிருக்கிறதா என்று தெரியும் பக்கவாட்டுத் தோற்றம், பின்பலகை முழுவதும், இவை படத்தில் இல்லாவிட்டால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். பூச்சி அரித்த சிறு துளைகளையும் தேடுங்கள். வில்லின் முனையில் தந்தத் தகடு இருந்தால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம், வயலினும் அதோடு மாட்டிக்கொள்ளும்.

நம் கரைக்கு என்று தனிச் சிக்கலும் இருக்கிறது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வறண்ட வீட்டில் பல வருடம் கிடந்த மரம், பாம்பன் காற்றுக்கு வந்ததும் ஈரத்தை இழுத்து உப்பும். பிரடை இறுகித் திரும்பாது, பழைய பசை விட்டு ஓரங்கள் வாய் பிளக்கும். முழுசாக வந்த வயலினுக்கே இந்தக் கதி. விரிசலோடு வந்ததற்குக் கேட்கவே வேண்டாம்.

தரகர் இப்போது என் எண்ணையும் அந்தத் தகப்பன் எண்ணையும் முடக்கிவிட்டார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டோம். அடுத்து ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அவரிடம் வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால் உரையாடலை அழிக்காதீர்கள், பணம் அனுப்பிய ரசீதை எடுத்து வையுங்கள். பார்சல் வந்த அட்டைப்பெட்டியையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன்மேல் ஒட்டிய சுங்கச் சீட்டில் பொருளின் மதிப்பு என்ன என்று அவர்களே எழுதியிருப்பார்கள். எங்கள் பெட்டியில் 71 டாலர் என்றுதான் இருக்கிறது.