காலையில் மட்டும் மல்லுக்கட்டும் பிக்கப்

நண்பன் ஒருவன் பழைய டீசல் பிக்கப் ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறான். "நீதான் இத்தனை வருஷமா வச்சிருக்கியே, வாங்கலாமாடா?" என்று கேட்டான். போனில் பதில் சொல்ல ஆரம்பித்து, பாதியிலேயே எனக்குக் கோபம் வந்து, அவன் வைத்துவிட்டான். அதனால் நிதானமாக எழுதுகிறேன். எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப்போவதில்லை. நான் சொல்லும் வியாதிகள் அந்தக் காலத்து டீசல் பிக்கப் பலவற்றுக்கும் பொதுதான்.

என்னுடையது 2009 மாடல். கம்ப்யூட்டர் வைத்து டீசல் தெளிக்கும் காமன் ரயிலுக்கு முந்தைய ரகம். டீசலை அழுத்தி அனுப்ப ஒரு ரோட்டரி பம்ப், அதைச் சிலிண்டருக்குள் தெளிக்க நான்கு நாசில், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தோட்டத்துக் காய் ஏற்றிப் போவதுதான் அதற்குப் பிரதான வேலை. அவ்வப்போது வடகாடு வழியாகப் பாச்சலூர் பக்கம் ஏறி இறங்கும். முருங்கை, தக்காளி, உர மூட்டை, கல்யாண வீட்டுப் பாத்திரம், ஒரு தடவை பசுவும் கன்றும், எதை ஏற்றினாலும் முகம் சுளித்ததில்லை. மலையில் இரண்டாவது கியரில் முக்கி முனகி ஏறினாலும் நடுவழியில் விட்டதில்லை. ஸ்பேர்ஸ் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எந்தப் பையனும் இதில் கை வைப்பான். அதுதான் இந்த வண்டியின் பெரிய வசதி, பெரிய வினையும் அதேதான்.

பிரச்சினை ஒன்றே ஒன்று. காலையில் எடுக்காது. பகலில் எத்தனை முறை அணைத்தாலும் சாவியைத் தொட்டதும் பிடிக்கும். ராத்திரி முழுக்க நின்றுவிட்டால் போச்சு. செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார்) நன்றாகச் சுற்றும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. கரகரவென்று அடித்து, நிறுத்தி, மறுபடி அடித்து, கடைசியில் மூன்று சிலிண்டரில் நொண்டி நொண்டிப் பிடித்து, ஒரு நிமிடம் தள்ளாடி, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். பறித்த காய் சாக்கில் காத்திருக்கும்போது இது எவ்வளவு எரிச்சல் என்பது காய் ஏற்றுகிறவனுக்குத்தான் தெரியும்.

இதற்காக நான் ஏறி இறங்கிய பட்டறைகளைப் பற்றி எழுதினால் அது தனி வயிற்றெரிச்சல். முதலில் பேட்டரி என்றார்கள், மாற்றினேன். அப்புறம் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி பிரஷ், புஷ் எல்லாம் போட்டார்கள். ஊரில் பெயர் வாங்கிய ஒரு பெரிய பட்டறை, நாசில் நான்கையும் கழற்றி செட் பண்ணி, "பம்பையும் பிரிச்சாத்தான் சரியா வரும்" என்றது. பம்ப் ஓவர்ஹால் என்றால் ஒரு சீசன் தக்காளி லாபம் அதோடு போகும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் பட்டறையிலேயே சட்டென்று எடுக்கும், ராத்திரி நின்றால் மறுபடி பழைய கதை. ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் வேலையை முடிக்கும்போது டீசல் லைனில் ஏர் எடுத்துவிடுகிறார்கள், அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றிவிடுகிறார்கள். வண்டி சரியானதுபோல் தெரிந்தது அந்த ஏர் எடுத்ததில். பணம் போனது புது சாமானில். ஒருவராவது வோல்ட் பார்க்கிற மீட்டரை வைத்துப் பார்க்கவில்லை. ஒருவராவது காலையில் வந்து, எடுக்காத வண்டியைப் பார்க்கவில்லை. வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப் போனால் அதற்குள் சூடாகி நல்ல பிள்ளையாகிவிடும். நோயாளி குணமான பிறகு மருத்துவரைப் பார்க்கிற கதைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து ஊரில் டிராக்டர் பம்ப் வேலை மட்டும் பார்க்கிற ஒரு பெரியவர் இருக்கிறார். அவரிடம் சொன்னபோது பானெட்டைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை.

"தம்பி, ராத்திரி வண்டிய மேடு பாத்து நிறுத்துவீங்களா, பள்ளம் பாத்தா?"

எங்கள் களத்தில் வாசல் பக்கம் மேடு. வண்டி எப்போதும் மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும்.

"இன்னைக்கு ராத்திரி திருப்பி நிறுத்திப் பாருங்க. டேங்க் மேலேயும் இன்ஜின் கீழேயும் இருக்கட்டும். காலைல எடுத்துருச்சுன்னா பேட்டரியும் நல்லாருக்கு, செல்ஃபும் நல்லாருக்கு, பம்பும் நல்லாருக்கு."

அன்று ராத்திரி திருப்பி நிறுத்தினோம். காலையில் சாவியைத் திருப்பிய வேகத்தில் எடுத்தது.

காரணம் எளிது. இந்த ரக வண்டியில் டேங்கிலிருந்து பில்டர் வழியாகப் பம்ப் வரைக்கும் டீசலை யாரும் தள்ளி அனுப்புவதில்லை. பம்ப் தன் பக்கத்திலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. தள்ளுகிற லைனில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சுகிற லைனில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் ஒழுகாது. காற்றுதான் உள்ளே போகும். வண்டி ஓடும்போது சின்னச் சின்னக் குமிழை, மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் வெளியே கொண்டுபோய்விடும், அதனால் ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. நிறுத்திய பிறகு அந்த வெடிப்பு வழியே காற்று மெல்ல ஏற, லைனில் நிற்க வேண்டிய டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். விடியும்போது பில்டர் பாதி காலி. செல்ஃப் அடிக்கிற நேரமெல்லாம் டேங்கிலிருந்து மறுபடி உறிஞ்சி மேலே கொண்டுவருவதிலேயே போகிறது. மூக்கு பள்ளத்தில் இருந்தால் டேங்க் உயரத்தில் இருக்கும், டீசல் இறங்க வழியில்லை. டேங்க் நிறைய இருக்கிற நாளில் ஓரளவு நன்றாக எடுத்ததும் கால் டேங்கில் அடம்பிடித்ததும் ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

இதைச் சோதிக்க இன்னும் இரண்டு வழி அந்தப் பெரியவர் காட்டினார். இரண்டும் காசில்லாதவை. ஒன்று, காலையில் செல்ஃப் தொடுவதற்கு முன் பில்டர் தலையில் இருக்கும், கையால் டீசல் ஏற்றுகிற ஹேண்ட் பிரைமரை அமுக்கிப் பார்ப்பது. இரண்டு மூன்று அமுக்கலில் இறுகிவிட்டால் லைன் நிறைந்திருக்கிறது, கோளாறு வேறெங்கோ. தொளதொளவென்று போய்க்கொண்டே இருந்தால் லைன் காலி. இன்னொன்று, பம்புக்குப் போகும் ஓஸைக் கழற்றி, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒரு முழம் தற்காலிகமாக மாட்டி, இன்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பது. குமிழ் வரிசையாக ஓடினால் பில்டரிலோ, அதற்கு முன்னால் டேங்க் பக்கமோ எங்கோ காற்று இழுக்கிறது. ஒரு கேனில் டீசல் வைத்து, டேங்க் லைனை விட்டுவிட்டு அதிலிருந்து நேராகப் பில்டருக்கு எடுக்கவைத்தால் குமிழ் நிற்கிறதா என்று பார்க்கலாம். நின்றால் டேங்குக்கும் பில்டருக்கும் நடுவில்தான் திருடன்.

எனக்குத் திருடன் கிடைத்த இடம், டேங்க் பக்கத்தில் சேஸிஸ் இரும்புக் குழாயையும் டேங்கையும் இணைக்கும் ஒரு சாண் ரப்பர் ஓஸ். மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. கிளாம்ப்பைத் தளர்த்தி வளைத்துப் பார்த்தபோது அதன் அடியில் வட்டமாக வெடித்திருந்தது. வருடக்கணக்கில் ஒவ்வொருவரும் அந்தக் கிளாம்ப்பை இறுக்கி இறுக்கியே ரப்பரை அறுத்திருக்கிறார்கள். டீசலுக்கென்றே விற்கும் ஓஸ் புதிதாக வாங்கி மாட்டி, பில்டர் தலையில் டீசல் லைனை இணைக்கும் பேஞ்சோ போல்ட்டின் காப்பர் வாஷர்களையும் மாற்றினோம். எல்லாம் சேர்த்து ஒரு வேளை சாப்பாட்டுச் செலவுக்கு மேல் வராது. அதிலிருந்து வண்டி மேடு பார்த்து நின்றாலும் முதல் சுற்றில் எடுக்கிறது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மாற்றிப்போட்ட பழைய பேட்டரியை நினைத்து எரிச்சல்தான் வந்தது.

உங்கள் வண்டியும் இப்படி அடம்பிடித்தால், செல்ஃப் அடிக்கும்போது ஒரு ஆளைச் சைலன்சர் பக்கம் நிறுத்துங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. கம்ப்ரஷன், நாசில், ஹீட்டர் பிளக் பக்கம் பாருங்கள். புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை. அப்போது பம்ப் மேல் இருந்து டீசலைத் திறந்து மூடும் ஸ்டாப் சாலினாய்டுக்குக் கரன்ட் வருகிறதா, சாவி போடும்போது "டிக்" என்று சத்தம் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள், அதன் பிறகு ஏர். செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் மட்டுமே பேட்டரி பக்கம் போங்கள். சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டுகிற பேட்டரி, செல்ஃப் அடிக்கையில் 9.6க்குக் கீழே விழுந்தால் சந்தேகப்படலாம். அதற்கு முன் பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் மீட்டரை வைத்துச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர்தான் துரு. பத்து செகண்டுக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்க வேண்டாம், மோட்டார் வெந்துவிடும். ஏர் கிளீனரில் பெட்ரோல் துணி காட்டுவது நம் ஊர்ப் பழக்கம். பிஸ்டனுக்கு எமன் அது. ஏர் எடுக்க நாசில் பைப் நட்டைத் தளர்த்துகிறவர்கள் அங்கே விரலை வைக்காதீர்கள். 200 பார் அளவுக்கு அழுத்தம் வருகிற இடம், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். போனால் ஆஸ்பத்திரிதான், கைவைத்தியம் கிடையாது.

மற்ற வியாதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டைனமோவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் வாக்குவம் பம்ப்பை யாரும் மதிப்பதில்லை. பிரேக் பெடலுக்கு உதவி அதிலிருந்துதான் வருகிறது. அதன் சீல் போனால் இன்ஜின் ஆயில் டைனமோவுக்குள் இறங்கி பிரஷ் கெட்டு சார்ஜ் நிற்கும், பிரேக்கும் கல் மாதிரி இறுகும். மலைச்சாலையில் இரண்டும் ஒரே நாளில் வந்தால் தெரியும் சங்கதி. பிரேக் இறுகினால் பிரேக்கை மட்டும் பார்க்காமல் வாக்குவம் ஓஸையும் பாருங்கள்.

சூடு ஏறினால், இன்ஜின் சூட்டுக்கேற்ப ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டச் சொல்வார்கள். கேட்காதீர்கள். சமவெளியில் இன்ஜின் சூடே ஏறாமல் டீசல் குடிக்கும், சில இன்ஜினில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸிலேயே சுற்றி இன்னும் சூடாகும். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றுகிறவன் அடைப்பைக் கையோடு வாங்கிக்கொள்கிறான். கூலண்ட் கலந்து ஊற்றுவது செலவில்லை.

பட்டையில், அதாவது லோடு தாங்கும் ஸ்பிரிங் தகடுகளில், சென்டர் போல்ட் அறுந்தால் ஆக்ஸில் கொஞ்சம் நகர்ந்துவிடும். பின்னால் வருகிறவர் சொன்னால்தான் வண்டி குறுக்கே போவது நமக்குத் தெரியும். பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட் நட்டை அவ்வப்போது இறுக்கினாலே இது வராது. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் தண்டில் ஜாயிண்ட் கிராஸ் தேய்ந்தால் ரிவர்ஸ் போடும்போது "டக்" என்று ஒரு அடி விழும். கிரீஸ் கன்னைக் கையில் எடுத்தால் அதுவும் தள்ளிப்போகும். பாடித் தரையில் தக்காளித் தண்ணீர் இறங்கி அரித்த அரிப்புக்கு மட்டும் மருந்தில்லை, டிங்கரிங்தான். எட்டு வருடம் தாண்டிய வண்டி என்பதால் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) வருடா வருடம். ஒவ்வொரு எஃப்.சி.க்கும் பெயின்ட், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், லைட் என்று ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள்.

இனி நண்பனுக்கு. வண்டி நல்ல வண்டி. லோடுக்கு, மலைக்கு, கடைக்கோடி ஊர்ப் பட்டறைக்கு இதைப்போல் ஒத்துப்போகிறது வேறில்லை. பார்க்கப் போகிறாய் என்றால் முந்தின நாள் சாயங்காலமே விற்கிறவரிடம் "நான் வரும்வரை எடுக்காதீங்க" என்று சொல்லிவிடு. காலையில் போனதும் முதலில் பானெட்டைத் தொட்டுப் பார். இளஞ்சூடு இருந்தால் அவர் உனக்கு முன்னால் எழுந்து ஒரு தடவை எடுத்து வைத்துவிட்டார் என்று அர்த்தம். வண்டி எந்தப் பக்கம் சரிந்து நிற்கிறது, டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார். பள்ளம் பார்த்து நிறுத்தி, டேங்க் நிரப்பி வைத்திருந்தால் விலையைக் குறைத்துப் பேசு. மீட்டர் ஒன்று கையோடு கொண்டு போ, அது ஐநூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

அதெல்லாம் பார்த்துவிட்டு, முடிந்தால் வாங்காதே. உனக்குப் பொறுமை கிடையாது, உன் ஊரில் அந்தப் பெரியவரும் கிடையாது. என் வண்டியைக் கொடுப்பியா என்று நீ கேட்கப்போவதும் தெரியும். கொடுக்க மாட்டேன்.