சிவப்பு வட்ட டைமர் (60 நிமிஷ மாடல்), வாங்கலாமா?

மூணு நாலு வயசு பிள்ளைக்கு "இன்னும் 5 நிமிஷம்"னா என்னா வெளங்கும், மணி பாக்க தெரியாத வயசு, அதான் டிவிய திடீர்னு அடைச்சா கத்தி உருளுதுங்க. இதுல நேரம் போக போக சிவப்பு கலர் சுருங்கறது கண்ணுக்கே தெரியுது, டேப்லட்ட வச்சிட்டு குளிக்க போறதுக்கு என் மவன் இப்ப அவ்வளவா சண்ட போடறதில்ல. ஆனா டைமர திருப்பி வச்சிட்டு நீங்க சமையலுக்கு போய்ட்டா வேலைக்காகாது லா, முடியறதுக்கு முன்னாலயே பக்கத்துல உக்காந்து "அடுத்து குளிப்பு, அப்புறம் மைலோ"ன்னு சொல்லணும், அப்பயும் கோவம் வந்தா வரட்டும், அந்நேரத்துல லெக்சர் மட்டும் வேணாம். தித்திவங்சா பார்க்ல இருந்து காடிக்கு (காருக்கு) கூட்டிட்டு வர்றதுக்கெல்லாம் இது சுத்தமா உதவாது. சத்தத்த அடைக்கற பட்டன் இருக்கான்னு பாத்து வாங்குங்க, அந்த பீப்புக்கே சில பிள்ளைங்க அழும். பேட்டரி வேற தனியா வாங்கணும், கடுப்பு.