ஷெட் போடப் போகிறவர்கள் பைப்பை எடை போட்ட பிறகு பணம் கொடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பழைய வீடுகளின் பின்கட்டில் ஷெட் போடுவது இப்போது அதிகமாகிவிட்டது. விசேஷம் என்றால் சமையல், பந்தி எல்லாம் அங்கேதான். எங்கள் வீட்டிலும் போட்டோம். கால்களுக்கு 100 மி.மீ. சதுர பைப், தடிமன் 3 மி.மீ. என்று பேசி, அந்தக் கணக்குக்கே பணமும் வாங்கிக்கொண்டார் பட்டறைக்காரர். ஆனால் நட்டது 1.6 மி.மீ. பைப். கோடை மழையோடு வந்த காற்றில் ஷெட் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. ஒரு விசேஷ நாளாக இருந்திருந்தால் அடுப்பு, அண்டா, சமையல் ஆட்கள் எல்லாம் அந்த இடத்தில்தான். நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

“காத்து ஜாஸ்திண்ணே, நாம என்ன பண்ண முடியும்?” என்று அப்பச்சியிடம் சொல்லிவிட்டுப் போனார் பட்டறைக்காரர். காற்றின் மேல் பழி போட முடியாது என்பதை அந்தக் கால்களே காட்டிக்கொடுத்தன. அடியில் இருக்கும் பேஸ் பிளேட்டிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரண்டு கால்கள் நெளிந்திருந்தன. சாய்ந்த பக்கத்து முகம் உள்ளே குழிந்திருந்தது. அதை ஒட்டிய இரண்டு பக்கங்களும் வெளியே உப்பியிருந்தன. காலைத் தரையோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட் நான்கும் அசையவே இல்லை. பைப்பும் முறியவில்லை.

சிவில் படித்த அம்மான் மகன் வந்து பார்த்து, இது மெல்லிய சுவருள்ள பைப்புக்கே உரிய நெளிவு என்றார். அவர் விளக்கியதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன். தகடு அழுத்தத்தில் எப்போது நெளியும் என்பது, தடிமனை அகலத்தால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் பாதியானால் தாங்கும் அழுத்தம் கால்வாசிக்கு இறங்கிவிடும். நாங்கள் பேசிய 3 மி.மீ. பைப்பில் அந்த நெளிவு வருவதற்கு ஏறக்குறைய 690 மெகாபாஸ்கல் அழுத்தம் வேண்டும். சாதாரண இரும்பு 250-லேயே இளகத் தொடங்கிவிடும் என்பதால் அங்கே நெளிவுக்கு வேலையே இல்லை, இரும்பின் பலம் முழுக்கப் பயன்படும். அதே அகலத்தில் 1.6 மி.மீ. போட்டால் கணக்கு 190-க்கு வந்துவிடுகிறது. இரும்பு தன் பலத்தைக் காட்டுவதற்கு முன்பே சுவர் மடிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நாலு அங்குல பைப்தான். ரெட் ஆக்சைடு அடித்துப் பெயிண்டும் பூசிவிட்டால் யாருக்குத் தெரியும்?

இன்னொரு கால் முறுக்கிக்கொண்டு நின்றது. அதில் நீளவாக்கில் போகும் வெல்டிங் ஒரு முழத்துக்கு மேல் பிளந்திருந்தது. இந்தப் பைப்புகளைத் தகட்டுப் பட்டையை உருளைகளுக்கு நடுவே மடக்கி, இரண்டு ஓரங்களையும் மின்சாரத்தால் சூடாக்கி, அழுத்தி ஒட்டிச் செய்கிறார்கள். அந்த ஒட்டு சரியாக விழாதவை செகண்ட்ஸ் என்று மலிவாகக் கிடைக்கும். மூடிய பைப்புக்கு முறுக்கைத் தாங்கும் சக்தி மிக அதிகம். எங்கள் அளவுப் பைப் முழு நீளத்துக்கும் பிளந்தால் அந்த விறைப்பு ஏறத்தாழ 2,800-இல் ஒரு பங்காகிவிடும். ஒரு முழப் பிளவுக்கு அவ்வளவு மோசம் இல்லை, ஆனாலும் அந்தக் கால் முறுக்கிக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

இப்போது ஏமாற்று வேலைக்கு வருகிறேன். முதலில் கேஜ் கணக்கு. “14-ஐ விட 16 பெரிசுண்ணே, அதையே போட்டுத் தர்றேன்” என்று அப்பச்சியிடம் சொல்லியிருக்கிறார். கேஜ் எண் ஏற ஏறத் தடிமன் குறையும். 14 கேஜ் என்றால் சுமார் 2 மி.மீ., 16 கேஜ் என்றால் 1.6. வயதானவரிடம் தெரிந்தே சொன்ன பொய் இது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்புறம், சந்தேகப்பட்டுக் கேட்டபோது தடிமன் அளக்கும் வெர்னியர் கருவியை வைத்தே அளந்து காட்டினார். வைத்த இடம் வெட்டிய முனை. அங்கே பிசிறு நிற்கும். பைப்பின் உட்புறத்தில் வெல்டிங் புடைப்பும் இருக்கும். அந்த இரண்டின் மேலும் வைத்தால் அளவு கூடத்தான் காட்டும். பிசிறை அரத்தால் ராவிவிட்டு, வெல்டிங் இல்லாத பக்கத்தில் அளக்க வேண்டும்.

மூட்டுகளைச் சுரண்டிப் பார்த்தோம். பெயிண்டுக்கு அடியில் பட்டி. மெல்லிய பைப்பில் வெல்டிங் ராடு ஓட்டை போட்டிருக்கிறது, அதை அடைத்துப் பூசியிருக்கிறார்கள்.

எவர்சில்வர் அண்டா வாங்கினால்கூடத் தராசில் வைக்காமல் காசு கொடுக்காத ஊர் இது. பைப்பையும் அப்படியே வாங்குங்கள். 100 மி.மீ. சதுர பைப் 3 மி.மீ. தடிமனில் மீட்டருக்குச் சுமார் 9 கிலோ வரும், 1.6 என்றால் சுமார் 5 கிலோதான். ஆறு மீட்டர் நீளத்துக்கு 54 கிலோவும் 30 கிலோவும். இந்த வித்தியாசத்தை எந்தப் பெயிண்டும் மறைக்க முடியாது. கூரை ஷீட்டுக்கும் வழி உண்டு. ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு 1 மி.மீ. தடிமனுக்கு 7.85 கிலோ. ஷீட்டில் சொல்லும் தடிமன் பூச்சையும் சேர்த்ததா, இரும்பு மட்டுமா என்று தனியாகக் கேளுங்கள். மேடு பள்ளமாக மடித்த ஷீட்டுக்கு மடிப்பதற்கு முந்தைய அகலத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

கொட்டேஷனில் கேஜ் வேண்டாம், மி.மீ.யிலேயே எழுதச் சொல்லுங்கள். சதுர பைப்புக்கு ஐ.எஸ். 4923 என்ற தர எண்ணும், மீட்டருக்கு எத்தனை கிலோ என்பதும் அதில் இருக்கட்டும். துண்டுச் சீட்டு வாங்காதீர்கள், ஜி.எஸ்.டி. பில்லே கேளுங்கள். எங்களிடம் பட்டறைக்காரர் 3 மி.மீ. என்று பேசிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் இருந்தது. அதையும், வெட்டி எடுத்த பைப் துண்டையும் வைத்து நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். முதலில் விவரம் கேட்க வேண்டுமானால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம்.

ஏற்கெனவே ஷெட் போட்டுவிட்டவர்கள் கால்களின் அடிப்பகுதியைப் பாருங்கள். பேஸ் பிளேட்டிலிருந்து இரண்டு சாண் உயரம் வரை நான்கு பக்கமும் உள்ளங்கையால் தடவுங்கள். குழிவோ உப்பலோ தென்பட்டாலும், நீளவாக்கில் துருக்கோடு ஓடினாலும் அந்த ஷெட்டுக்குக் கீழே யாரையும் உட்காரவிடாதீர்கள். மூடாத பைப்பின் உள்ளே தண்ணீர் இறங்கி உள்ளிருந்தே துரு பிடிக்கும். 1.6 மி.மீ. சுவரில் அரை மி.மீ. போனாலே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போன மாதிரி. தடிமன் தெரியாவிட்டால் மேல் முனையில் மூடியைக் கழற்றி அளக்கலாம். மூடி வெல்டிங் செய்திருந்தால், ஒரு பக்கமாக வைத்தே தடிமன் காட்டும் அல்ட்ராசோனிக் கருவி உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். பைப்பில் ஓட்டை போட வேண்டியதில்லை.