தூரத்து விலங்கு: கன்வர்ட்டரா, கிராப்பா, 600 மி.மீ. ஜூமா?

கையில் 400 மி.மீ. எஃப்/5.6 லென்ஸ், 24 மெகாபிக்சல் கேமரா. புல்வெளியின் மறுகோடியில் ஒரு மான். ஃபிரேமில் சின்னதாகத் தெரிகிறது. பெரிதாக்க மூன்று வழி உண்டு: லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் (பிம்பத்தைப் பெரிதாக்கும் துணை லென்ஸ்) மாட்டலாம், படம் எடுத்த பிறகு ஓரங்களை வெட்டிக் கிராப் செய்துகொள்ளலாம், அல்லது 150-600 ஜூமுக்கே மாறிவிடலாம்.

கன்வர்ட்டர் மாட்டினால் 400 என்பது 560 ஆகிறது, எஃப்/5.6 என்பது எஃப்/8 ஆகிறது (இந்த எண் கூடினால் சென்சாருக்கு வரும் ஒளி குறையும்). ஒரு ஸ்டாப், அதாவது பாதி ஒளி, போய்விடுவதால், ஷட்டர் வேகத்தைக் குறைக்காமல் இருக்க ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறன் அளவை) இரட்டிப்பாக்க வேண்டும். அதற்குப் பயந்து கிராப் பக்கம் போகிறவர்கள் நிறைய. ஆனால் அதே அளவுக்குக் கிராப் செய்தால் 24 மெகாபிக்சலில் சுமார் 12தான் மிஞ்சும். அந்தப் பாதியைப் பெரிதாக்கும்போது நாய்ஸும் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான கறை) கூடவே பெரிதாகும். மானிடமிருந்து லென்ஸுக்குள் வந்த ஒளி இரண்டிலும் ஒன்றுதானே! நாய்ஸ் விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் நுணுக்கத்தில்தான். லென்ஸ் முழுத் திறப்பிலேயே கூர்மையாக இருந்தால், கன்வர்ட்டர் மானின் ரோமத்தை அதிகப் பிக்சல்களில் விரித்துக் கொடுக்கும். லென்ஸ் கொஞ்சம் மங்கலானது என்றால், அந்த மங்கலைத்தான் பெரிதாக்கும்; அப்போது கிராப்பே மேல். பறக்கும் பறவைக்கும் நான் கிராப்பையே எடுப்பேன், ஏனென்றால் கன்வர்ட்டருடன் ஆட்டோஃபோகஸ் தடுமாறலாம். 2 மடங்கு கன்வர்ட்டர் எஃப்/11க்குக் கொண்டுபோய்விடும். நல்ல வெயில், டிரைபாட், அசையாமல் உட்கார்ந்திருக்கும் விலங்கு, இந்த மூன்றும் இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

ஜூம் கதை வேறு. 600 மி.மீ., எஃப்/6.3 என்றால் ஒளி நுழையும் விட்டம் சுமார் 95 மி.மீ.; நம் 400க்கு அது 71தான். அதாவது மானிடமிருந்து கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஒளி வருகிறது. கன்வர்ட்டராலும் கிராப்பாலும் தர முடியாதது இது. அதனால் என் ஓட்டு ஜூமுக்குத்தான், சுமார் 2 கிலோவைத் தூக்கி நடக்க முடிகிறவரை. கை சோர்ந்துவிட்டால் கூர்மையும் போய்விடும். ஸ்டெபிலைசர் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், மானின் காது அசைவதை அடக்காது. நடக்கும் விலங்குக்கு 1/1000, பறக்கும் பறவைக்கு 1/2000 வினாடியிலிருந்து தொடங்குங்கள்.

சரி, இந்த மூன்றாலும் வெல்ல முடியாத ஒன்று உண்டு: கானல். தரை சூடேறியதும் காற்று அலையடிக்கும். எந்த லென்ஸும் மானோடு அந்த அலையையும் சேர்த்தே பெரிதாக்கும். தூரம் பாதியானால் மானுக்குக் கிடைக்கும் பிக்சல் நான்கு மடங்கு, இடையிலுள்ள காற்றும் பாதி. அதனால் மறைவாக உட்கார்ந்து அது நெருங்கி வரும்வரை காத்திருப்பது மூன்றையும்விட நல்ல படம் தரும்.

உங்கள் லென்ஸுக்குக் கன்வர்ட்டர் ஒத்துவருமா என்று பார்க்க, டிரைபாடில் வைத்துத் தூரத்து எழுத்துப் பலகை ஒன்றை இரண்டு விதமாகவும் எடுத்து, ஒரே அளவாக்கி ஒப்பிடுங்கள். அதிகாலையில் செய்யுங்கள், மதியம் செய்தால் காற்றைத்தான் சோதித்திருப்பீர்கள்.