பக்கவாதத்துக்குப் பிறகு: ஜிப்மரா, வீடு தேடி வரும் மருத்துவமா?

கடலூரில் பக்கவாதம் வந்து படுத்த பெரியவருக்கு ஆரம்பத்தில் புதுச்சேரியில் உள்ள மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மர் சரி. ஸ்கேன், நரம்பியல் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கிறது. அப்புறமும் மாத்திரைக்காக ஜிப்மர் இருக்கும் கோரிமேடு வரை போவது வீண் அலைச்சல். கூட வருபவருக்கும் ஒரு நாள் கூலி போய்விடும்.

தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும், காசு கிடையாது. பிசியோதெரபியும் உண்டு, கைகால் மரத்துப்போனவருக்கு மாத்திரையைவிட அதுதான் முக்கியம் என்பேன். படுத்த படுக்கையாக இருந்தால் வலி தணிக்கும் செவிலியரும் வருவார்.

ஆனால் குளிப்பாட்டவோ சோறு ஊட்டவோ இரண்டிலும் ஆள் இல்லை. முதியோர் உதவித்தொகைக்குத் தாலுகா அலுவலகம் தனி. துணையில்லாதவருக்கு, மருந்தும் பராமரிப்பும் சேர்ந்து கிடைக்கும் பகல்நேர மையம் அருகிலேயே வேண்டும்.

எதுவானாலும் ஜிப்மர் சீட்டை வீட்டுக்கு வருபவரிடம் காட்டுங்கள்.