உருகும் பனியை அளக்க ஒரு மழைமானி: நான்கு அங்குலக் கைமானியுடன் இரண்டு குளிர்காலங்கள்

மார்ச் மாதத்தின் ஒரு காலையில், வானம் துடைத்து வைத்ததுபோல் நீலமாக இருந்தபோது, எங்கள் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த இலத்திரனியல் வானிலை நிலையத்தின் திரை, அந்த ஒரு மணிநேரத்துக்குள் 5 மில்லிமீற்றர் மழை பெய்திருப்பதாகக் காட்டியது. வெளியே ஒரு துளியும் விழவில்லை. நடந்தது என்னவென்றால், இரண்டு நாட்களுக்கு முன் விழுந்த ஈரப்பனி அக்கருவியின் புனலுக்குள் இறுகி உறைந்து கிடந்தது. அன்றைய வெயில் அதைத் தொட்டதும் அது சொட்டுச் சொட்டாக உருகி, உள்ளே இருக்கும் சிறிய சாய்கரண்டியை ஒவ்வொரு முறையும் நிரப்பிக் கவிழ்க்க, கருவி அதை மழை என்று எண்ணிக்கொண்டது. அதே பனியை, அது விழுந்த மறுநாள் காலையிலேயே, பின்வளவில் ஒரு மரத்தூணில் நிற்கும் சாதாரணப் பிளாஸ்ரிக் உருளை எனக்குச் சரியாகச் சொல்லிவிட்டிருந்தது: 4 சென்ரிமீற்றர் பனி, உருக்கினால் 7.4 மில்லிமீற்றர் நீர். இந்த மதிப்புரை அந்த உருளையைப் பற்றியது.

நான் வசிப்பது ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில். 2023 இலையுதிர் காலத்தில் இந்த நான்கு அங்குலக் கைமழைமானியை வாங்கினேன். அதற்கு அடுத்து வந்த குளிர்காலம் கனடா முழுவதற்கும் பதிவில் உள்ளவற்றிலேயே மிகவும் வெப்பமான குளிர்காலமாக அமைந்ததால், கருவியைச் சோதிக்க அப்போது பெரிய வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2024-25 குளிர்காலமும் அதைத் தொடர்ந்த குழப்பமான இளவேனிலும்தான் இதன் உண்மையான பரீட்சை.

கருவியின் அமைப்பு எளிமையானது. ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒளிபுகும் வெளி உருளை. அதன் வாயில் பொருந்தும் ஒரு புனல். புனலின் அடியில் நிற்கும் மெல்லிய உள்குழாய். உள்குழாயின் குறுக்குப் பரப்பு, புனல் வாயின் பரப்பில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. ஆகவே 1 மில்லிமீற்றர் மழை குழாய்க்குள் 10 மில்லிமீற்றர் உயரமாக நிற்கிறது, வெறுங்கண்ணாலேயே 0.2 மில்லிமீற்றர் வரை வாசிக்க முடிகிறது. குழாய் 25 மில்லிமீற்றரில் நிரம்பிவிட்டால் மிகுதி வெளி உருளைக்குள் வழியும். அதைப் பின்னர் குழாய்க்குள் ஊற்றி அளந்து கூட்டிக்கொள்ளலாம். மொத்தக் கொள்ளளவு 280 மில்லிமீற்றர். மின்கலம் இல்லை, கம்பி இல்லை, கைப்பேசிச் செயலி இல்லை. விலையோ நான் அதற்கு முன் வாங்கியிருந்த இலத்திரனியல் நிலையத்தின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

கோடை மழைக்கு இது நல்ல கருவி என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. ஆனால் இதன் அருமை தெரிவது குளிர்காலத்தின் கடைக்கூற்றில்தான். வெப்பநிலை சுழியத்துக்கு மேலும் கீழுமாக ஊசலாடும் அந்த ஆறு வாரங்களில், ஒரே இரவில் மழை, உறைமழை (தொட்ட இடத்தில் உறையும் மழை), பனிக்கட்டிச் சிதறல் (விழுமுன்பே உறைந்துவிட்ட துளிகள்), ஈரப்பனி ஆகிய நான்கும் அடுத்தடுத்து விழக்கூடும். காலையில் எழுந்து முற்றத்தைப் பார்த்தால் சாம்பல் நிறச் சேறு மட்டுமே தெரியும். எவ்வளவு விழுந்தது என்பதைக் கண்ணால் மதிப்பிடவே இயலாது.

அதற்கான வழி பழையது, உறுதியானது. உறைநிலை வருமென்று தெரிந்தால் புனலையும் உள்குழாயையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, வெளி உருளையை மட்டும் திறந்த வாயுடன் தூணில் விடவேண்டும். விழுவது எதுவானாலும் அதற்குள் விழும். காலை 7 மணிக்கு உருளையை உள்ளே எடுத்துவந்து, உள்குழாயில் சரியாக அளந்த வெதுவெதுப்பான நீரை அதற்குள் ஊற்றினால் பனி உருகிவிடும். முழுவதையும் மறுபடி குழாயில் அளந்து, நாம் ஊற்றியதைக் கழித்தால் மீதி வானம் தந்தது. ஒரு மார்ச் காலையில் நான் 10.0 மில்லிமீற்றர் வெந்நீர் ஊற்றினேன், மொத்தம் 19.8 வந்தது, ஆக விழுந்தது 9.8. பனி படிவதற்காக வெளியே வைத்திருக்கும் பலகையில் அளந்த பனியின் உயரமோ வெறும் 5 சென்ரிமீற்றர். உருளையைக் கையில் ஏந்தியபோதே அதன் கனம் வழக்கத்துக்கு மாறாக இருந்ததும், வெந்நீர் பட்டவுடன் அந்தச் சாம்பல் கட்டி ஒரு சிறு முறிவொலியுடன் நடுவே பிளந்து அமிழ்ந்ததும் இன்னும் நினைவில் நிற்கின்றன.

இதைப் பெப்ரவரியுடன் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 2025 பெப்ரவரி நடுப்பகுதியில் பனிப்புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ரொறன்ரோவைத் தாக்கி, சில நாட்களுக்குள் ஏறத்தாழ அரை மீற்றர் பனியைக் கொட்டின. அந்த நாட்களில் ஒரு காலையில் என் பலகையில் 22 சென்ரிமீற்றர் உலர்பனி இருந்தது. உருக்கிப் பார்த்தால் 14.6 மில்லிமீற்றர் மட்டுமே. அதாவது பனிக்கும் நீருக்கும் உள்ள விகிதம் பெப்ரவரியில் பதினைந்துக்கு ஒன்று, மார்ச்சில் ஐந்துக்கு ஒன்று. பத்துக்கு ஒன்று என்ற பொதுவிதியை நம்பியிருந்தால் இரண்டு நாட்களிலுமே தவறியிருப்பேன்.

இந்தக் கணக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் நீர் என்பது ஒரு லீற்றர், அதாவது ஒரு கிலோகிராம். 100 சதுர மீற்றர் கூரையில் கிடக்கும் பனிக்குள் 60 மில்லிமீற்றர் நீர் அடங்கியிருந்தால், அந்தக் கூரை 6,000 கிலோகிராமைத் தாங்கி நிற்கிறது என்று பொருள். அந்தப் பனியின்மீது மார்ச் மழையும் பெய்து, அடியில் நிலம் இன்னும் உறைந்தே இருந்தால், நீர் நிலத்தில் இறங்க வழியின்றிச் சுவரோரமாகவும் நிலக்கீழ் அறைக்குள்ளும் வரும். நிலக்கீழ் அறையில் பொருட்களை வைத்திருக்கும் எவருக்கும், வெளியே கிடக்கும் வெண்மைக்குள் எவ்வளவு நீர் ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டிய செய்தி. எங்கள் ஊரில் அம்மா, முற்றத்து ஆட்டுக்கல் குழியில் நின்ற தண்ணீரைப் பார்த்தே இரவு மழையின் அளவைச் சொல்லிவிடுவார். விழுந்ததை ஒரு பாத்திரத்தில் பிடித்துப் பார்ப்பதைவிட நேர்மையான அளவை வேறில்லை என்று இக்கருவியைப் பயன்படுத்தத் தொடங்கிய பின்னர் மேலும் உறுதியாக எண்ணுகிறேன்.

2025 மார்ச் 28 முதல் 30 வரை ஒன்ராறியோவை வருத்திய பனிக்கட்டிப் புயல் இதன் மிகக் கடினமான சோதனையாக அமைந்தது. மேலே சற்று உயரத்தில் வெப்பமான காற்று படிந்திருக்க, தரையை ஒட்டி மெல்லிய குளிர்ப்படலம் நகராமல் கிடந்தது. மேலிருந்து இறங்கிய பனி அந்த வெப்ப அடுக்கில் உருகி மழையாகி, கீழே உறைவதற்கு நேரமின்றிச் சுழியத்துக்குக் குறைந்த வெப்பநிலையிலும் நீராகவே வந்து, கிளையையோ கம்பியையோ தொட்ட கணத்தில் உறைந்தது. குளிர்ப்படலம் இன்னும் தடிமனாக இருந்திருந்தால் அதே துளிகள் பனிக்கட்டிச் சிதறலாகத் தெறித்திருக்கும், தீங்கும் குறைந்திருக்கும். ஒறில்லியா நகரம் அவசரகால நிலையை அறிவித்தது. பீற்றர்பரோ, பாரி பகுதிகளில் மரங்கள் முறிந்து வீழ்ந்தன. மாகாணத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் தடைப்பட்டது.

எங்கள் வளவில் அவ்வளவு கொடுமை இல்லை. மேப்பிள் கிளைகளில் கண்ணாடிபோன்ற மெல்லிய படலம் மட்டும் இருந்தது. அன்று காலை வாவிக்கரையோரமாக ஏஜக்ஸ் நகரில் இருக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "அண்ணை, எங்கட பக்கம் முழுக்க மழைதான், ஒரு கொப்பிலயும் ஐஸ் இல்லை, உங்களுக்கு என்ன மாதிரி?" என்று கேட்டார். அவரும் இதே மழைமானியை வைத்திருப்பவர். ஒன்ராறியோ வாவியின் நீர் மார்ச் இறுதியில் குளிர்ந்தே இருந்தாலும் உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும். கிழக்குக் காற்று அதன்மேல் வந்தால் கரையோரத்தின் வெப்பநிலை அந்த ஒன்றிரண்டு பாகையால் தப்பிவிடுகிறது. சில வாரங்கள் கழித்து, உள்நாட்டில் மேலங்கி தேவையற்ற வெயில் நாட்களில், அதே வாவிக் காற்று கரையோரத்தை மட்டும் குளிரில் நிறுத்திவைக்கும். பல கிலோமீற்றர் அப்பால் உள்ள விமான நிலையத்தின் ஓர் எண்ணைக் கொண்டு என் தெருவின் வானிலையை முடிவுசெய்ய இயலாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தேவையில்லை.

உறைமழை நாளில் அளப்பதில் ஒரு நுட்பம் உண்டு. உருளையின் வெளிச்சுவரில் ஒட்டியுள்ள பனிக்கட்டியை முதலில் துடைத்து நீக்கிவிட்டே உள்ளே இருப்பதை உருக்கவேண்டும். அல்லாவிடில் வெளியில் ஒட்டியது உருகி வழிந்து கணக்கில் சேர்ந்துவிடும். முதல் முறை இதைக் கவனிக்காமல் அளந்து, அந்த எண்ணைப் பதிவிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று.

குறைகளையும் சொல்லவேண்டும். நீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு விரிகிறது. உள்குழாய் அதைத் தாங்காது. மார்ச் மாதத்தின் ஒரு மாலை மழையில், 4 பாகை இருக்கிறதே என்று குழாயை வெளியில் விட்டுவிட்டேன். நள்ளிரவில் காற்று வடமேற்குக்குத் திரும்பியது. காலையில் குழாயின் அடியிலிருந்து பாதி உயரம்வரை ஒரு மயிரிழை வெடிப்பு. மாற்றுக் குழாய் தனியாகக் கிடைக்கிறது என்றாலும், கருவியை வாங்கும்போதே ஒன்றை மேலதிகமாக வாங்கி வைப்பது நல்லது. இரண்டாவது குறை காற்று. பலத்த காற்றில் உலர்பனி உருளையின் வாய்க்குள் விழாமல் அதைத் தாண்டிப் பறந்துவிடுவதால் அளவு குறைந்தே வரும். அத்தகைய நாட்களில் வெண்ணிறம் பூசிய ஒரு பலகையில் படிந்த பனியின்மேல் உருளையைக் கவிழ்த்து அழுத்தி, அந்த வட்டத் துண்டை அப்படியே எடுத்து உருக்கவேண்டும். செய்யலாம், ஆனால் சுழியத்துக்குக் கீழே 15 பாகைக் குளிரில் முழந்தாளிட்டுச் செய்யும் வேலை அது. மூன்றாவதாக, நீங்கள் ஊரில் இல்லாத நாட்களை இது நாள்வாரியாகப் பிரித்துச் சொல்லாது; மழை எந்த மணியில் வந்தது என்பதையும் சொல்லாது. அதற்காகவே இலத்திரனியல் நிலையத்தையும் நான் அகற்றவில்லை. வெப்பநிலைக்கும் காற்றுக்கும் அழுத்தத்துக்கும் அதைப் பார்க்கிறேன். விழுந்த நீருக்கு இதை மட்டுமே நம்புகிறேன்.

நிறுவும் இடம் முக்கியம். வீடோ மரமோ வேலியோ எதுவானாலும், அதன் உயரத்தைப்போல் குறைந்தது இருமடங்கு தூரம் விலகி நிற்கவேண்டும். எங்கள் ஒடுங்கிய வளவில் அது முழுமையாக அமையவில்லை. மேற்குப் பக்க வேலிக்கு மட்டும் விட்டுக்கொடுத்தேன்.

அளந்த எண்ணைப் பகிர ஓர் இடம் இருப்பது இக்கருவியின் மதிப்பை உயர்த்துகிறது. 1997 ஜூலையில் கொலராடோவின் போர்ட் கொலின்ஸ் நகரில், ஊரின் ஒரு பக்கத்தில் 14 அங்குலத்துக்கும் மேல் மழை கொட்டியபோது, மறுபக்கத்தில் சாதாரண மழையே பெய்தது; வெள்ளத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். அதன் விளைவாக 1998இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், காலநிலை அறிஞர் நோலன் டோஸ்கனின் முயற்சியில், தன்னார்வலர்கள் தத்தம் வீடுகளில் அளந்து தெரிவிக்கும் கோகோராஸ் என்ற வலையமைப்புத் தொடங்கியது. கனடா அதில் 2011இல் இணைந்தது. அவ்வமைப்பு ஏற்றுக்கொள்ளும் மழைமானி இந்த நான்கு அங்குல வகையே. அனைவரும் ஒரே கருவியால் அளப்பதால்தான் ஏஜக்ஸ் நண்பரின் எண்ணையும் என் எண்ணையும் அருகருகே வைத்துப் பேச முடிகிறது.

பனி விழும் நாட்டில் வாழ்ந்து, வானத்தைக் கவனிக்கும் பழக்கமும் காலையில் பத்து நிமிடமும் உள்ளவர்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஒக்டோபர் முடிவதற்குள் வாங்கி, நிலம் உறையுமுன் தூணை நட்டுவிடுங்கள். பின்னர் குழி தோண்ட இயலாது. ஏப்ரல் வந்துவிட்டதென்று உள்குழாயை அவசரப்பட்டு வெளியே வைக்காதீர்கள். இன்று காலையும் என் உருளையின் அடியில் விரல் தடிப்பில் பனி இருந்தது, உருக்கியபோது 2.2 மில்லிமீற்றர்.